மெலிந்த குரலும் கேட்பவன் கடனும்

அளவோடு பேசுவதே பண்பு என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். உரக்கப் பேசுபவனைக் காட்டிலும் மெல்லப் பேசுபவனே மேலானவன் என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். இதில் மாறுபட்ட கருத்துடையவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால், மெல்லப் பேசும் ஒருவர் எதிரே அமர்ந்து, செவியைக் கையால் குவித்துக்கொண்டு, கழுத்தை நீட்டியபடி அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாரே இன்னொருவர், அவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பேசியவருக்கு அடக்கம் உடையவர் என்ற புகழ். கேட்டவருக்குக் கழுத்து வலி. ஒருவருடைய அடக்கத்திற்கு ஆகும் செலவை மற்றொருவர் ஏற்பது முறையா? சிறு மின்னாற்றலில் இயங்கும் வானொலிக் கருவிகளை நம் கையாலேயே செய்து பயன்படுத்தி வரும் பழக்கத்தினின்று நமக்குள் எழுந்த ஐயம் இது. இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த மலரில் மின்சாரப் பேச்சு எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா. கேள்வி மின்சாரத்தைப் பற்றியதன்று.

ஹாம் என்று சுருக்கமாக வழங்கும் அமெச்சூர் வானொலியை அன்பர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் தமக்கெனத் தனி அழைப்புக் குறியும் பெற்றவர்கள், வீட்டில் இருந்தபடியே சிற்றலை வழியாகப் பிற ஊராரோடும் பிற நாட்டாரோடும் உரையாடுவர். வாணிகம் கூடாது, காசு பெறக் கூடாது. நம் நாட்டில் இக்கலை கல்கத்தாவில் 1921ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த முன்னோடிகளாகிய அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் தத்தம் கருவிகளோடு எத்தனை இரவுகள் விழித்திருந்தார்களோ!

இந்த அன்பர் கூட்டத்திற்குள்ளே ஒரு சிறு கூட்டம் உண்டு. பொதுவாக ஹாம்கள் பயன்படுத்தும் கருவிகள் 100 வாட் ஆற்றலை வெளியிடுவன. அமெரிக்க விதிகளோ 1,500 வாட் வரை இடம் தருகின்றன. நாம் குறிப்பிடும் சிறு கூட்டத்தார் 5 வாட்டிற்கு மேல் போவதில்லை என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டவர்கள். படுக்கையறைக்கென்று ‘ஜீரோ வாட்’ பல்பு கேட்டு வாங்குகிறோமே, பெயர்தான் ஜீரோ. பழைய இழை விளக்கானால் பத்துப் பதினைந்து வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதில் பாதிகூட இல்லாத ஆற்றலைக் கொண்டு கடல் கடந்து பேச முயல்வதே இவர்கள் வேலை. இவர்களுடைய அடையாளச் சொல் கியூ.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்து. இந்த மூன்றெழுத்தின் பொருளுக்குப் பின்னர் வருவோம். நம் கேள்விக்கு விடை அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டின் சந்துகளில் ஒரு பிற்பகல் அலைந்தால் வேண்டியவற்றுள் பெரும்பகுதி கிடைத்துவிடும். எஸ்.எல். 100 என்னும் டிரான்ஸிஸ்டர் ஒன்று. நம் நாட்டு ஆர்வலர்களின் கை எத்தனையோ ஆண்டுகளாகப் பழகிய பண்டம் அது. குவார்ட்ஸ் படிகங்கள் சில. சில்லறைக் காசு போன்ற மின்தேக்கிகள். எனாமல் பூசிய செப்புக் கம்பி. தாமிரத் தகடு ஒட்டிய பலகைத் துண்டு. ஒரு படிகம் தனக்கே உரிய அதிர்வெண்ணில் நடுங்கும் இயல்புடையது. டிரான்ஸிஸ்டர் அந்த நடுக்கத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அடுத்த டிரான்ஸிஸ்டர் அதனைப் பெருக்கும். அதற்கப்பால் உள்ள சுருள்களும் மின்தேக்கிகளும், வேண்டாத மேலதிர்வுகளை வடிகட்டிவிட்டு வேண்டிய அலையை மட்டும் ஏரியலுக்கு அனுப்பும். ஒலிபரப்பும் பகுதி இவ்வளவே. மோர்ஸ் சாவியை அழுத்தினால் அலை; விட்டால் மௌனம்.

கேட்கும் பகுதி இதனினும் அழகானது. வருகின்ற அலை வினாடிக்கு 70,30,000 அதிர்வுகள் உடையதாயின், நம் கருவிக்குள்ளே 70,30,600 அதிர்வுகள் உடைய ஓர் அலையை நாமே உண்டாக்கி அதனோடு கலக்கிறோம். இரண்டும் செவிக்கு எட்டாதவை. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 600 என்னும் அதிர்வு, குழலோசை போல் காதில் விழுகிறது. வீட்டில் செய்யத்தக்க இந்த எளிய முறையை மீண்டும் நினைவூட்டி, வெஸ் ஹேவர்டும் டிக் பிங்காமும் 1968 நவம்பர் மாதக் கியூ.எஸ்.டி. இதழில் எழுதிய கட்டுரை, பலருடைய மேசைகளில் சால்டரிங் புகையை எழுப்பியது. முன்பின் அறியாத ஒருவருடைய குரலைக் கேட்பதற்கு, அவருடைய அலையை மிக நெருங்கிய ஓர் அலையை முதலில் நம்மிடமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் நமக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து, எவரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்ட பிட்எக்ஸ் என்னும் கருவி உலகெங்கும் பெயர் பெற்றது. நம் போன்றோர் மோர்ஸ் குறியோடு நின்றுவிடாமல் குரலிலேயே பேசவும் அது வழி செய்தது. அயல்நாட்டுச் சுருள் வளையங்கள் நம் ஊரில் எளிதில் கிடைக்காதே என்று கருதி, குழாயடியில் போடும் வாஷரின் மேலேயே கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம் என்று அவர் வழி காட்டினார். அதன் பின்வந்த வடிவங்களுக்கு அவ்வூர்ப் பெண்கள் குழுவினர் கையாலேயே சுருள் சுற்றிக் கொடுத்தனர். அக்கருவிகள் பல நாடுகளுக்கும் சென்றன. குழாய் வாஷர் கடல் கடந்து பேசுகிறது என்பதை வீட்டில் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை.

இங்கே முதல் ஐயம் எழுகிறது. விலை உயர்ந்த 100 வாட் கருவியை வாங்க வகையில்லாத குமாஸ்தா, தன் இயலாமைக்கு எளிமை என்று பெயர் சூட்டிக் கொள்கிறானா? கிட்டாதாயின் வெட்டென மறப்பது ஒன்று; கிட்டாததையே வேண்டாம் என்று துறந்ததாகக் காட்டிக்கொள்வது வேறொன்று. நம் உத்தியோகத்தில் உள்ள எவரும் இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் இந்த நெறியை இயக்கமாக வளர்த்தவர்களைப் பார்த்தால் ஐயம் ஓரளவு தீர்கிறது. பிரிட்டனில் ஜார்ஜ் டாப்ஸ் என்னும் பாதிரியார் 1974ஆம் ஆண்டில் ஜி-கியூ.ஆர்.பி. கழகத்தைத் தோற்றுவித்தார். அதற்கு முன்பே சிறுவர்களுக்காக அவர் எழுதிய நூலொன்றில், பற்றவைக்கும் கருவிகூட இல்லாமல், மரப்பலகையில் திருகாணிகளை முடுக்கி டிரான்ஸிஸ்டர் ரேடியோ செய்யும் முறையைச் சொல்லியிருந்தார். 2019இல் அவர் மறையும்போது அவர் காட்டிய வழியில் கருவி செய்தவர்கள் பல நாடுகளிலும் இருந்தனர். அவர்களுள் 100 வாட் கருவியை ஒன்றுக்கு இரண்டாக வாங்கும் வசதி உடையவர்களும் பலர். எனவே இது வறுமையின் மறுபெயர் மட்டும் அன்று. வேறு ஏதோ இருக்கிறது.

அது கணக்காக இருக்கலாம். கேட்கும் குறியின் வலிமையை 1 முதல் 9 வரை எண்ணால் சொல்வது ஹாம்களின் வழக்கம். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறவேண்டுமானால் ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். 5 வாட்டை 20 ஆக்கினால் ஒரு படி. 80 ஆக்கினால் இரண்டு படி. ஆகவே 100 வாட்டுக்காரர் ஓரிடத்தில் 9 என்ற வலிமையோடு கேட்கப்படுகிறார் என்றால், அதே ஏரியலில் 5 வாட்டுக்காரர் ஏறத்தாழ 7 என்ற வலிமையோடு கேட்கப்படுவார். இருபது மடங்கு ஆற்றல் கொடுத்து வாங்கியது இரண்டே படி! அந்தி சாய்ந்து, வான் மண்டலத்தில் அலைகளை விழுங்கும் கீழடுக்கு கலைந்து, மேலடுக்கு அவற்றைத் திருப்பியனுப்பும் வேளை வாய்த்துவிட்டால், அந்த இரண்டு படி பெரும்பாலும் பொருட்டாவதே இல்லை. வாய்க்காத வேளையில் ஆயிரம் வாட்டும் வீண். ஆற்றலைப் பெருக்குவதைவிட வேளையை அறிவது மேல் என்பது இதிலிருந்து தெளிவு.

கணக்கு மட்டுமல்ல, விதியும் இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 15ஆம் பிரிவு, எந்த நிலையமும் தன் பணி செம்மையாக நடைபெறுவதற்குத் தேவையான ஆற்றலை மட்டுமே வெளியிட வேண்டும் என்று கூறுகிறது. காரணம் வெளிப்படை. வான்வெளி ஊர்ப் பொதுக் குளம் போன்றது. ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்தில் பேசுபவரும் உயர்த்துவார். முடிவில் எல்லாரும் கத்துவர், எவரும் கேளார். கல்யாணப் பந்தலில் நாகஸ்வரத்தையும் ஒலிபெருக்கியையும் மீறிப் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச முயன்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இதுவரை சிறு ஆற்றலின் பக்கமே நின்று வாதாடினோம். இனி எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். எதிர்க்கட்சியின் வாதம் வலிமையானது. “ஐயா, நீர் 5 வாட்டில் பேசினீர், நன்று. ஆனால் உம்முடைய குறி என் காதில் இரைச்சலுக்கு நடுவே நூலிழையாக வந்தது. இரவு பதினொரு மணிக்கு நான் தலைப்பேசியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு, வடிகட்டியைக் குறுக்கி, உம்முடைய அழைப்புக் குறியை மூன்று முறை திருப்பிக் கேட்டு, நான்காம் முறை எழுதிக்கொண்டேன். நீர் மிச்சம் பிடித்த மின்சாரத்தை என் பொறுமையிலிருந்து அல்லவா செலவழித்தீர்? இதில் உமக்கு என்ன பெருமை?” இந்த வாதத்தைச் சிறு ஆற்றல் அன்பர்கள் பலர் எதிர்கொள்ளாமல் நழுவிவிடுகிறார்கள். ஒரு வாட்டுக்கு ஆயிரம் மைல் என்ற கணக்கில் எட்டியவர்களுக்குப் பாராட்டிதழ் வழங்கும் வழக்கமும் உண்டு. தூரத்தைக் கடந்தவர் அனுப்பியவரா, கேட்டவரா?

உண்மையில் வானொலியின் வரலாறு அனுப்பியவர்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறதே அன்றி, அது பாதிக்கு மேல் கேட்டவர்களின் வரலாறு. 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஹாம்களை, பயனற்றவை என்று அப்போது கருதப்பட்ட 200 மீட்டருக்குக் கீழான அலைகளுக்கு ஒதுக்கித் தள்ளியது. அவற்றைச் சுற்றியுள்ள அலைகளில் அட்லாண்டிக் கடலைக் கடக்க முடியுமா என்று 1921 பிப்ரவரியில் சோதித்தார்கள். இங்கிலாந்தில் எவருக்கும் கேட்கவில்லை. அமெரிக்க ஹாம்களின் சங்கம் அதற்குச் செய்த பரிகாரம் என்ன? இன்னும் பெரிய ஒலிபரப்பியைக் கட்டுவதோடு நிற்கவில்லை. பால் காட்லி என்னும் தேர்ந்த செவியாளரைக் கப்பலேற்றி அனுப்பியது. ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராசன் என்னும் ஊருக்கு அருகே, டிசம்பர் குளிரில், காற்றும் மழையும் அறைந்த கடலோர வயலில் கூடாரம் அடித்து அவர் இரவெல்லாம் காத்திருந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் ஊரிலிருந்து 1பி.சி.ஜி. என்னும் நிலையம் அனுப்பிய குறிகள் அவர் காதில் விழுந்தன. இரண்டாண்டுகளுக்குப் பின், 1923 நவம்பரில், இருகரைகளுக்கும் இடையே ஹாம்கள் நேருக்கு நேர் உரையாடினர். சிற்றலைக்கு உலகம் மதிப்புக் கொடுக்கத் தொடங்கியது அதன் பிறகே. கூடாரத்தில் இருந்தவர் ஒரு சொல்லும் அனுப்பவில்லை.

1957 அக்டோபர் 4இல் விண்ணேறிய ஸ்புட்னிக்கின் ஒலிபரப்பி 1 வாட் ஆற்றலே உடையது. அது உலகெங்கும் கேட்டதென்றால், உலகெங்கும் அன்றிரவு கேட்கத் தயாராக இருந்த செவிகளே காரணம். 1977இல் புறப்பட்டுச் சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டிப் போன வாயேஜர் விண்கலத்தின் ஒலிபரப்பி 20 வாட்டை ஒட்டியதுதான். அதன் குரல் நம்மை எட்டுவதற்காகப் பூமியில் 70 மீட்டர் அகலமான கிண்ண ஏரியல்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தொலைவில் இருப்பவன் கத்த இயலாது. ஆகவே அருகில் இருப்பவன் காதைப் பெரிதாக்கிக்கொண்டான்.

இவ்விடத்தில் திருக்குறளின் அமைப்பைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குறள் எதையும் எடுத்தாளப் போவதில்லை. அதிகார வரிசையை மட்டும் கவனிக்க வேண்டுகிறோம். ‘கேள்வி’ என்னும் அதிகாரம் 42ஆவது. அரசனுக்குரிய இயல்புகளைக் கூறும் பகுதியில், கல்லாமைக்குப் பின்னும் அறிவுடைமைக்கு முன்னும் அது நிற்கிறது. ‘சொல்வன்மை’ 65ஆவது, ‘அமைச்சு’ என்ற அதிகாரத்தை அடுத்து வருகிறது. ஆணையிடும் ஆற்றல் உடையவனிடம் வள்ளுவர் கேட்டதோ செவியை; சொல்லின் வலிமையை அவனிடம் இருந்து செயல்படுபவனுக்கு வைத்தார். உரையாசிரியர்கள் இதற்கு வேறு காரணம் கூறக்கூடும். எனினும், ஆற்றல் மிகுந்தவனுக்கே கேட்கும் கடன் மிகுதி என்ற எண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இந்த வரிசை போதிய சான்றாக நமக்குப் படுகிறது.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இரு கடிதங்கள் ஒரே நாளில் வருகின்றன. ஒன்று வக்கீல் நோட்டீஸ்; தட்டச்சில், எண்ணிட்ட பத்திகளோடு, பதினைந்து நாள் கெடுவோடு வந்திருக்கிறது. மற்றொன்று அஞ்சலட்டை. குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதமாக வரவில்லை என்று ஒரு மூதாட்டி, யாரையோ கொண்டு எழுதுவித்தது. பென்சில் எழுத்து, பாதி மழையில் கரைந்தது, கணவரின் பணி எண் இல்லை, சில வேளை மொழியும் அந்த அலுவலகத்தில் எவருக்கும் தெரியாத மொழி. முதற் கடிதம் அன்று மாலையே மேலதிகாரியின் மேசைக்குப் போகிறது. இரண்டாவது ‘விவரம் போதவில்லை’ என்ற குறிப்போடு கட்டுக்குள் போகிறது. விதிப்படி இதில் எவர் மேலும் குற்றம் இல்லை. 9 என்ற வலிமையில் வந்தது கேட்டது. 2 என்ற வலிமையில் வந்தது கேட்கவில்லை. ஆனால் அந்த மூதாட்டி மெல்லப் பேசத் தேர்ந்துகொண்டவள் அல்லள். அவளிடம் இருந்த ஆற்றலே அவ்வளவுதான். பழைய பதிவேடுகளைப் புரட்டி, பெயரையும் ஊரையும் வைத்துப் பணி எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு முற்பகல் ஆகும். அந்த முற்பகலைக் கொடுக்க வேண்டியவர் யார்?

எதிர்க்கட்சியின் வாதத்திற்கு நம் மறுமொழி இங்கிருந்து பிறக்கிறது. தானாக விரும்பி மெல்லப் பேசுபவனும், வேறு வழியின்றி மெல்லப் பேசுபவளும் ஒன்றல்லர். பின்னவளுக்குக் கேட்பவன் கடன்பட்டிருக்கிறான். அதில் பேரம் இல்லை. முன்னவனோ கேட்பவனுக்குக் கடன்பட்டிருக்கிறான். சிறு ஆற்றலை நோன்பாக ஏற்றவன், பிறர் செவியை வருத்தாமல் இருப்பதற்கான உழைப்பையும் சேர்த்து ஏற்க வேண்டும். அவனுடைய அலை தூயதாக இருக்க வேண்டும். சாவியை அழுத்தும்போது குருவி கத்துவது போல் ஓசை வழுக்கக் கூடாது. மேலதிர்வுகள் அடுத்தவர் இடத்தில் சிந்தக் கூடாது. எழுத்துக்களுக்கு நடுவே இடம் விட்டு, நிதானமாக அனுப்ப வேண்டும். நெரிசலான வேளையில் இடித்துக்கொண்டு நுழையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஏரியலைச் செம்மையாகக் கட்ட வேண்டும். மின்னாற்றலில் மிச்சம் பிடிப்பவன் கம்பியில் மிச்சம் பிடிக்கலாகாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏற்றதாக, அரசுக் குடியிருப்பின் மொட்டை மாடியில், நடுவில் பிரிந்த 20 மீட்டர் நீளக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறோம். துணி உலர்த்தும் கொடி என்று எண்ணி அக்கம்பக்கத்தார் முதலில் மகிழ்ந்தனர். அன்று என்று தெரிந்தபின் சிலர் வருந்தினர். கம்பியின் நீளத்தில் ஒரு சாண் பிசகினாலும் அளந்து அளந்து வெட்டிச் சரி செய்வதில் ஒரு ஞாயிறு போய்விடுகிறது. அந்த ஞாயிறு, இரவில் நமக்காகக் காதை வருத்தப்போகும் அறிமுகமற்ற அன்பருக்கு நாம் செலுத்தும் காணிக்கை.

கியூ.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்துக்கு வருவோம். 1912இல் லண்டனில் கூடிய அனைத்துலக வானொலித் தந்தி மாநாடு ஏற்றுக்கொண்ட குறியீடுகளுள் அதுவும் ஒன்று. கேள்விக்குறியோடு அனுப்பினால் அதன் பொருள், ‘ஆற்றலைக் குறைக்கட்டுமா?’ என்பது. ‘ஆற்றலைக் கூட்டட்டுமா?’ என்பதற்கும் ஒரு குறியீடு உண்டு. இரண்டும் கேட்பவரை நோக்கி அனுப்புபவர் விடுக்கும் வினாக்கள்! எவ்வளவு போதும் என்பதை முடிவு செய்யும் உரிமை ஆதியில் கேட்பவரிடமே இருந்தது. பந்தியில் இலையின் முன் அமர்ந்தவர்தாமே ‘போதும்’ என்று கை காட்ட வேண்டும்? பரிமாறுபவரே ‘உமக்குப் போதும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது விருந்தாகாது. இலை நிறைந்த பின்னும் கொட்டிக்கொண்டே போனாலும் விருந்தாகாது. சிறு ஆற்றல் அன்பர்கள் இந்த வினாவையே தம் கொடியாக்கிக்கொண்டார்கள். நாளடைவில் கேள்விக்குறி உதிர்ந்துபோய் வெறும் பெருமை மட்டும் எஞ்சிவிட்டதோ என்று நமக்குச் சில வேளை தோன்றுகிறது. 5 வாட் என்பது சத்தியம் அன்று. எதிரே இருப்பவர் தவிக்கிறார் என்றால், கூட்டுவதற்கு வழி இருப்பவன் கூட்டுவதே முறை. அதனால் நோன்பு கெட்டுவிடாது.

ஆபத்து நேர்கையில் இந்த விவகாரம் முழுவதும் வேறு ஒளியில் தெரிகிறது. 2004 டிசம்பரில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்தது. போட்டி, பொழுதுபோக்கு என்று தொடங்கிய பயணம். 26ஆம் நாள் காலை கடல் பொங்கியது. தொலைபேசி அறுந்த அந்தத் தீவுகளிலிருந்து, உறவினரின் நலம் கேட்டும் சொல்லியும் செய்திகள் அவர்கள் கருவி வழியே போய் வந்தன. இத்தகைய வேளையில் ஹாம்களின் நெறி எளியது: அபயக்குரல் கேட்ட அலைவரிசையில் மற்றவர் எல்லாரும் வாய் மூட வேண்டும். ஆயிரம் வாட் உடையவர் அன்று செய்யத்தக்க மிகப் பெரிய உதவி, பேசாமல் இருப்பதே. மெலிந்த குரலின் பலம், பெரும்பாலும் மற்றவர் மௌனத்தின் அளவாகவே இருக்கிறது.

ஆனால் மௌனம் நகரங்களில் அருகி வருகிறது; அதுவும் எவரும் பேசாமலேயே! மலிவான எல்.ஈ.டி. விளக்குகள், கைபேசிச் சார்ஜர்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆகியவற்றின் உள்ளே மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் சுற்றுகள், சிற்றலையில் இடைவிடாத இரைச்சலைப் பரப்புகின்றன. அதனை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அதில் செய்தி ஏதும் இல்லை. தீய எண்ணமும் இல்லை. ஆயினும் 3 என்ற வலிமையோடு வந்த குரல் அதனடியில் புதைந்து போகிறது. குடியிருப்பில் மின்தடை ஏற்படும்போது எல்லாரும் சலித்துக்கொள்ள, பேட்டரியில் இயங்கும் நம் சிறு கருவி மட்டும் திடீரென்று ஊர் ஊராகக் கேட்கத் தொடங்கும். அந்த வேளையில் நமக்கு ஏற்படும் மகிழ்ச்சியை வெளியில் காட்டிக்கொள்வதில்லை. மின்விசிறியின்றி வியர்ப்பவர்கள் நடுவே அது நாகரிகமாகாது.

இனி இதற்கும் ஒரு மாற்று வந்துவிட்டது. இயற்பியலில் 1993ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவராகிய ஜோ டெய்லர் தாமும் ஒரு ஹாம். காது அறவே கேட்க இயலாத குறிகளையும் இரைச்சலுக்கு அடியிலிருந்து கணிப்பொறி தோண்டியெடுக்கும் முறைகளை அவரும் நண்பர்களும் வகுத்தார்கள். 2008இல் ஒன்று, 2017இல் எஃப்.டி.8 என்ற மற்றொன்று. 15 வினாடிக்கு ஒரு முறை அழைப்புக் குறியும் வலிமை எண்ணும் திரையில் வந்து விழும். அரை வாட்டும் கண்டங்களைக் கடக்கும். எவர் கழுத்தும் வலிக்காது. கேட்பவன் கடனைப் பொறி ஏற்றுக்கொண்டது. நம் கேள்வியும் தீர்ந்தது என்றே சொல்லலாம். அறிவியலின் அருமையை மறுப்பதற்கில்லை. நாமும் அதனைப் பயன்படுத்துகிறோம்.

நம் அலுவலகத்து இளைஞர் ஒருவர், அண்மையில் உரிமம் பெற்றவர், வீட்டுக்கு வந்து அந்த முறையில் முதன்முதலாக ஓர் அயல்நாட்டு நிலையத்தைப் பிடித்தார். திரையில் கழித்தல் 21 என்ற எண்ணோடு ஓர் அழைப்புக் குறி தோன்றியது, பதினைந்து வினாடியில் நம்முடையது போயிற்று, மறுமொழி வந்தது, உரையாடல் முடிந்தது. அவர் ஒலிபெருக்கியின் குமிழை முழுதும் திருப்பிக் காதை அருகே வைத்துக் கேட்டார். இரைச்சல் மட்டுமே கேட்டது. “இதுல அந்த ஆள் எங்க சார் இருக்கார்?” என்று கேட்டார். நாம் கணிப்பொறியை நிறுத்திவிட்டு, வாஷரில் சுற்றிய பழைய கருவியை எடுத்து 7.030இல் வைத்து, தலைப்பேசியை அவரிடம் கொடுத்தோம். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கையை உயர்த்தி நம்மைப் பேச வேண்டாம் என்று தடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை எடுத்தார்.